நியூசிலாந்து மான் வெல்வெட் கேப்சூல்கள்: விலைக்கு ஏற்ற பொருள்தானா?

நியூசிலாந்தின் மருந்துக் கடைகளிலும், நினைவுப்பொருள் கடைகளிலும், ஆக்லாந்து விமான நிலையக் கடைகளிலும் மனுக்கா தேனுக்கு அருகில் தவறாமல் இடம்பிடித்திருக்கும் பொருள் மான் வெல்வெட் கேப்சூல். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நம்மவர்களிடம், முழங்கால் வலியால் அவதிப்படும் பெரியவர்களுக்கு இதை வாங்கி வரும்படி யாராவது ஒருவர் சொல்லி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. விலை குறைவான பொருள் அல்ல. ஆகவே இதில் உண்மையில் என்ன இருக்கிறது, எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்பதை வாங்குமுன் தெரிந்துகொள்வது நல்லது என்ற எண்ணத்தில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். நான் வாங்கியது ஆக்லாந்துக் கடை ஒன்றில் கிடைத்த உள்நாட்டுத் தயாரிப்பு. அதன் பெயரைக் குறிப்பிடவில்லை. அதே அடுக்கில் இருந்த மற்ற தயாரிப்புகளும் உள்ளடக்கத்திலும் வாசகங்களிலும் அதைப் போன்றவையாகவே இருந்ததால், இங்கே சொல்லப்படுபவை பெரும்பாலும் அவற்றுக்கும் பொருந்தும்.

குப்பியைத் திறந்தால் காய்ந்த இறைச்சியின் மெல்லிய வாடை வருகிறது. கேப்சூலைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே வெளிர் பழுப்பு நிறத்தில் மென்மையான தூள் இருக்கிறது. விழுங்குவதில் எந்தச் சிரமமும் இல்லை. நாவில் சுவை தங்குவதும் இல்லை. மூடி இறுக்கமாக முத்திரையிடப்பட்டிருந்தது. தொகுதி எண்ணும் காலாவதி நாளும் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தன. தயாரிப்பின் நேர்த்தியைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை. குறையும் நிறையும் வேறு இடத்தில் இருக்கின்றன. அவற்றைப் புரிந்துகொள்ள இந்தத் தூள் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

மான் வெல்வெட் என்பது ஆண்மானின் தலையில் வளர்ந்துகொண்டிருக்கும் இளங்கொம்பு. மாட்டின் கொம்பு ஆயுள் முழுவதும் விழாமல் இருக்கும். அதன் வெளிப்புறம் நகத்தைப் போன்ற கெரட்டினால் ஆனது. மானின் கொம்போ முழுக்க முழுக்க எலும்பு. ஆண்டுதோறும் உதிர்ந்து, ஆண்டுதோறும் புதிதாக முளைப்பது. வளரும் பருவத்தில் அதன் மேல் மெல்லிய ரோமம் அடர்ந்த தோல் போர்த்தியிருக்கும். அந்தத் தோலுக்குள் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்திருக்கும். தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் உயிருள்ள திசு அது. செம்மானிலும் வாப்பிட்டி என்னும் பெரிய மானிலும் இளங்கொம்பு உச்ச வளர்ச்சிக் காலத்தில் ஒரே நாளில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளக்கூடும். பாலூட்டிகளில் இவ்வளவு பெரிய உறுப்பு ஒன்று தோல், நரம்பு, இரத்தக் குழாய், குருத்தெலும்பு, எலும்பு என அனைத்தோடும் முழுமையாகத் திரும்ப முளைப்பதற்கு வேறு எடுத்துக்காட்டு இல்லை. பருவம் முற்றி ஆண்மை ஹார்மோன் உயரும்போது கொம்பு சுண்ணமேறி இறுகிவிடும். மேல்தோல் காய்ந்து, மான் அதை மரங்களில் உரசிக் கழித்துவிடும். அதற்கு முன்பாக, திசு மென்மையாக இருக்கும் கட்டத்திலேயே அறுத்து எடுக்கப்படுவதுதான் வெல்வெட்.

இந்த வளர்ச்சியைக் கண்டு வியக்காத உயிரியலாளர் இருக்க முடியாது. 2023இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான சீன ஆய்வு ஒன்றில், கிழக்காசிய மான் வகையான சிகா மானின் கொம்பு முளைக்கும் இடத்திலிருந்து எடுத்த மூல உயிரணுக்களை எலிகளின் தலையில் பதித்தபோது, சில வாரங்களில் கொம்பைப் போன்ற சிறு எலும்பு முளைப்புகள் உருவாயின. எலும்பு முறிவுக்கும் குருத்தெலும்புச் சேதத்துக்கும் என்றேனும் ஒரு சிகிச்சை இந்த வழியில் பிறக்கலாம் என்று நம்புவதற்கு இடமிருக்கிறது. ஆனால் அந்த ஆய்வு உயிருள்ள அணுக்களைப் பற்றியது. கேப்சூலில் இருப்பதோ உலர்த்திப் பொடித்த திசு. விளம்பரங்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகின்றன. “வேகமாக வளரும் கொம்பைத் தின்றால் நம் மூட்டும் வளரும்” என்று எவரும் வெளிப்படையாக எழுதுவதில்லை. வாசிப்பவர் அந்த முடிவுக்கு வரும்படி படங்களும் சொற்களும் அடுக்கப்படுகின்றன. என் முதல் குறை இதுதான்.

நியூசிலாந்துக்கும் மானுக்கும் உள்ள உறவு விசித்திரமானது. அந்த மண்ணில் இயற்கையாக மான்கள் இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலேயக் குடியேறிகள் வேட்டைக்காகச் செம்மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். வேட்டையாடும் விலங்குகள் இல்லாத காடுகளில் அவை கட்டுக்கடங்காமல் பெருகின. மலைச்சரிவுகளின் செடிகொடிகளை மேய்ந்து அழித்தன. 1930களிலிருந்து அரசே ஆள் வைத்து மான்களைச் சுடத் தொடங்கியது. பிறகு 1960களில் ஹெலிகாப்டரிலிருந்து சுட்டு இறைச்சியாக ஏற்றுமதி செய்யும் தொழில் வளர்ந்தது. அடுத்ததாக, அதே ஹெலிகாப்டர்களைக் கொண்டு மான்களை உயிரோடு பிடித்து வேலிக்குள் வளர்க்க ஆரம்பித்தார்கள். அந்த மாற்றத்தின் முன்னோடிகளில் ஒருவர் சர் டிம் வாலிஸ். 1969இல் மான் பண்ணைகளுக்குச் சட்ட அனுமதி கிடைத்தது. ஒரு காலத்தில் அரசு ஒழிக்க முனைந்த விலங்கு, ஒரே தலைமுறைக்குள் பண்ணை விலங்காயிற்று. இன்று வேலிக்குள் வளர்க்கப்படும் மான்களிலிருந்து ஆண்டுதோறும் பல நூறு டன் வெல்வெட் கிடைக்கிறது. அதன் மிகப் பெரும்பகுதி சீனாவுக்கும் தென்கொரியாவுக்கும் போகிறது. கேப்சூலாகி உள்ளூர்க் கடைக்கு வருவது அதில் சிறு பங்குதான்.

சீனாவிலும் கொரியாவிலும் இதற்கு உள்ள மதிப்பு பழமையானது. சீன மருத்துவத்தில் ‘லு ரோங்’, கொரிய மருத்துவத்தில் ‘நோக்யோங்’ என்ற பெயர்களில் இளங்கொம்பு வழங்குகிறது. கொரியாவில் இதை மெல்லிய வில்லைகளாகச் சீவி, ஜின்செங் முதலிய வேர்களோடு சேர்த்து நெடுநேரம் காய்ச்சிக் கஷாயமாகக் குடிப்பார்கள். நோயாளியைப் பார்த்து, உடல்வாகை அறிந்து, வேறு மூலிகைகளோடு கூட்டி மருத்துவர் கொடுக்கும் மருந்து அது. சீன அரசின் மருந்து நூல் சிகா மான், செம்மான் ஆகிய இரண்டின் இளங்கொம்பை மட்டுமே ஏற்கிறது. தூளாகக் கொடுக்கும்போது நாளொன்றுக்கு 1 முதல் 2 கிராம் என்று அளவும் குறிக்கிறது. இந்த அளவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குப்பியின் சீட்டைப் படிக்கும்போது பயன்படும்.

அறுவடை தென்கோளத்தின் வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும், பெரும்பாலும் அக்டோபர் முதல் ஜனவரி வரை நடக்கிறது. மானை அசையாமல் நிறுத்தும் கருவிக்குள் கொண்டுவந்து, கொம்பின் அடியைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போட்டு, உணர்வு அற்றுவிட்டதா என்று சோதித்த பிறகே அறுக்க வேண்டும் என்பது விதி. கால்நடை மருத்துவரோ, அவருடைய மேற்பார்வையில் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கிய பண்ணையாளரோ மட்டுமே இதைச் செய்யலாம். வெட்டிய கொம்பு உடனே உறையவைக்கப்படுகிறது. எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்பதைப் பின்தொடர்வதற்காக ஒவ்வொரு கொம்புத் தண்டிலும் மின்னணுப் பட்டை கட்டும் முறையும் இப்போது நடைமுறையில் இருக்கிறது. இந்த ஒழுங்கை நான் மனதாரப் பாராட்டுகிறேன். அதே வேளையில், பிரிட்டனில் வெல்வெட் பருவத்தில் கொம்பை அறுப்பதற்கே சட்டத் தடை இருக்கிறது என்பதையும் வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். நரம்பும் இரத்தமும் ஓடும் உறுப்பு ஒன்றை உயிருள்ள விலங்கிலிருந்து எடுக்கிறார்கள். அதை ஏற்பதா மறுப்பதா என்பதை அவரவர் மனசாட்சிதான் சொல்ல வேண்டும்.

இதையொட்டி இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். இது புலாலுணவு. மான் கொல்லப்படவில்லை என்பதால் சைவம் என்று கருதிப் பெரியவர்களுக்குக் கொடுப்பவர்கள் உண்டு. உள்ளே இருப்பது விலங்கின் எலும்பும் தோலும் இரத்தமும் சேர்ந்த திசு. வெளியே உள்ள உறையும் பெரும்பாலும் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுக்கப்பட்ட ஜெலட்டின். வாழ்நாள் முழுவதும் சைவமாக இருந்த ஒருவருக்கு, உட்பொருள் இன்னதென்று சொல்லாமல் இதைக் கையில் கொடுப்பது பெரிய அநீதி.

இனி, குப்பியின் சீட்டு. பொடியில் இருப்பவை புரதம், அதிலும் முக்கியமாகக் கொலாஜன். கொண்ட்ராய்ட்டின் சல்ஃபேட் முதலிய குருத்தெலும்புப் பொருள்கள். கால்சியம், பாஸ்பரஸ் போன்ற தாதுக்கள். மிகச் சிறிய அளவில் ஐஜிஎஃப்-1 எனப்படும், இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணி. கொம்பின் எல்லாப் பகுதியும் ஒன்றல்ல. நுனியில் புரதமும் கொழுப்பும் மிகுதி. அடிப்பகுதிக்கு வர வர சுண்ணமேறிய எலும்பு கூடுகிறது, அதனால் சாம்பல் சத்தும் கூடுகிறது. கிழக்காசியச் சந்தையில் நுனிக்குத் தனி விலை, அடிக்குத் தனி விலை. கேப்சூலுக்குள் போகும் தூள் எந்தப் பகுதியிலிருந்து அரைக்கப்பட்டது என்பது ஆகவே முக்கியமான கேள்வி. நான் வாங்கிய குப்பியில் அதற்கு விடை இல்லை. கொம்பு முழுவதும் சேர்த்து அரைத்ததா, விலையுயர்ந்த நுனியைத் தனியே விற்றுவிட்டு மிஞ்சியதை அரைத்ததா என்று தூளைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது.

அடுத்தது அளவு. சீட்டின் முகப்பில் பெரிய எழுத்தில் பெரிய எண் ஒன்று இருக்கும். பின்பக்கத்தைக் கூர்ந்து படித்தால்தான் அது பச்சைக் கொம்பின் எடைக்கு மாற்றிக் காட்டப்பட்ட கணக்கு என்பது விளங்கும். இளங்கொம்பில் நீர் மிகுதி. உலர்த்தினால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எடைதான் தேறும். அதிலிருந்து சாறு இறக்கிச் செறிவாக்கியதாகச் சொல்லும் தயாரிப்புகளில் முகப்பு எண்ணுக்கும் கேப்சூலில் உள்ள உண்மையான எடைக்கும் இடைவெளி இன்னும் பல மடங்காகிவிடுகிறது. எண் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு தயாரிப்பின் உலர்ந்த எடையையும் இன்னொன்றின் பச்சை எடையையும் அருகருகே பார்க்கும் வாடிக்கையாளர், பெரிய எண் உள்ள குப்பியையே சிறந்ததென்று எடுப்பார். ஒப்பிட வேண்டியது ஒரு கேப்சூலில் உள்ள உலர் தூளின் மில்லிகிராம் அளவை மட்டுமே. நான் கடையில் புரட்டிப் பார்த்த குப்பிகளில் அது பெரும்பாலும் சில நூறு மில்லிகிராம்தான். சீன மருந்து நூல் சொல்லும் 1 முதல் 2 கிராம் அளவை எட்ட வேண்டுமானால் ஒரு நாளைக்குப் பல கேப்சூல்கள் வேண்டும். அந்தக் கணக்கில் போனால் குப்பி எவ்வளவு விரைவில் தீரும், மாதச் செலவு எங்கே போய் நிற்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். மரபை மேற்கோள் காட்டி விற்கும் பொருள், மரபு சொன்ன அளவைக் கொடுப்பதில்லை என்பது என் இரண்டாவது குறை.

மூன்றாவது, வாசகங்கள். நியூசிலாந்தில் இத்தகைய பொருள்கள் 1985ஆம் ஆண்டின் உணவுத் துணைப்பொருள் விதிகளுக்குள் வருகின்றன. நோயைக் குணப்படுத்தும், தடுக்கும் என்றெல்லாம் உரிமை கோர அவற்றுக்கு அனுமதி இல்லை. அதனால்தான் சீட்டில் “மூட்டுகளின் இயக்கத்துக்குத் துணைபுரிகிறது”, “உயிர்த்துடிப்பைப் பேணுகிறது” என்பன போன்ற, எந்த அளவுகோலாலும் சோதிக்க முடியாத சொற்கள் இருக்கின்றன. கடையில் நிற்பவரோ, வாங்கிப் போகச் சொல்லும் உறவினரோ அதை மூட்டு வலிக்கு மருந்தென்றே சொல்கிறார்கள். சீட்டு சொல்லத் துணியாததை வாய்மொழி சொல்லிவிடுகிறது. பணம் கைமாறுவது அந்த வாய்மொழியை நம்பித்தான்.

சரி, மனிதர்களிடம் சோதித்துப் பார்த்தார்களா என்றால், பார்த்தார்கள். இந்த மதிப்புரையின் மையமும் அதுவே. கனடாவில் முடக்குவாத நோயாளிகள் 168 பேரிடம் எல்க் (வாப்பிட்டி) மானின் வெல்வெட்டை ஆறு மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு பாதிப் பேருக்கு வெல்வெட், மீதிப் பேருக்கு அதே தோற்றத்தில் வெறும் கேப்சூல். யாருக்கு எது போகிறது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. முடிவில் இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நியூசிலாந்திலேயே, நடுவயதைக் கடந்த 32 ஆண்களிடம் 12 வாரம் நடந்த இன்னொரு சோதனை 2003இல் வெளியானது. இந்தப் பொருளைப் பற்றி ஆண்கள் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்விக்கு விடை தேடிய ஆய்வு அது. பாலியல் செயல்பாட்டிலும் ஹார்மோன்களின் அளவிலும் வெல்வெட்டுக்கும் வெறும் கேப்சூலுக்கும் வேறுபாடு இல்லை என்றே அதுவும் முடிந்தது. இந்தத் தொழிலால் வாழும் நாட்டிலிருந்தே இந்த முடிவு மறைக்கப்படாமல் வெளிவந்ததை அந்நாட்டு ஆய்வாளர்களின் நேர்மைக்குச் சான்றாகக் கருதுகிறேன்.

விளையாட்டு வீரர்களிடமும் பார்த்திருக்கிறார்கள். உடற்பயிற்சி செய்துவந்த 38 ஆண்களிடம் பத்து வாரம் நடந்த ஆய்வில், வெல்வெட் தூள் சாப்பிட்டவர்களுக்கு முழங்காலை நீட்டும் தசையின் வலிமை சற்றே கூடுதலாக உயர்ந்தது. ஆனால் ஆண்மை ஹார்மோனிலோ ஐஜிஎஃப்-1 அளவிலோ மாற்றம் இல்லை. துடுப்புப் படகு வீரர்களிடம் பின்னர் நடந்த ஆய்வில் அப்படிப்பட்ட பலனும் தென்படவில்லை. 2004இல் கனடாவில் மூட்டுத் தேய்மானம் உள்ள நாய்களிடம் நடந்த சோதனை மட்டும் சற்று நம்பிக்கை அளிப்பது; வெல்வெட் தூள் உண்ட நாய்களின் நடை, கருவிகொண்டு அளந்தபோதும் மேம்பட்டிருந்தது.

இவற்றில் மனிதர்களிடம் நடந்த சோதனைகளை எல்லாம் திரட்டி எடைபோட்ட கட்டுரை ஒன்று நியூசிலாந்து மருத்துவ இதழில் 2012இல் வந்தது. தரமான முறையில் நடந்த ஏழு சோதனைகளை அது கண்டறிந்தது. முடக்குவாதம், மூட்டுத் தேய்மானம், பாலியல் செயல்பாடு, விளையாட்டுத் திறன் ஆகியவை அவற்றின் பொருள்கள். ஏழில் இரண்டு மட்டுமே ஓரளவு நற்பலனைக் கூறின. எதற்கும் உறுதியான சான்று இல்லை என்பதே கட்டுரையின் முடிவு. மூட்டுத் தேய்மானத்தில் மட்டும் மேலும் ஆராய்ந்து பார்க்க இடமிருக்கலாம் என்று அது கூறியது. இந்தக் கடைசிக் குறிப்பை விட்டுவிட்டு எழுதினால் நான் நேர்மையாக எழுதியவனாக மாட்டேன். முதுமையில் வரும் முழங்கால் வலி பெரும்பாலும் இந்தத் தேய்மான வகைதான். ஆனால் “ஆராய இடமிருக்கலாம்” என்பதற்கும், மாதந்தோறும் ஓய்வூதியத்திலிருந்து ஒரு தொகையை எடுத்துவைக்கலாம் என்பதற்கும் இடையே வெகுதூரம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் முழங்கால் தேய்மானம் உள்ள பெரியவர் ஒருவர், மருத்துவரிடம் சொல்லிவிட்டு, குப்பி தீரும் வரை இதை எடுத்துக்கொண்டார். தொல்லை எதுவும் வரவில்லை. படியேறும்போது இருந்த வலியில் மாறுதலும் தெரியவில்லை. ஒருவரின் அனுபவம் எதையும் நிரூபிக்காது. வலி குறைந்திருந்தாலும் இதையே சொல்லியிருப்பேன். ஏனென்றால் மூட்டு வலி தானாகவே கூடிக் குறையும் இயல்புடையது. குறைந்த நாளில் எதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோமோ அதற்குப் புகழ் சேர்ந்துவிடும். இந்தப் பொருளுக்குக் கிடைக்கும் ஐந்து நட்சத்திரப் பாராட்டுகளில் கணிசமானவை இப்படிப் பிறந்தவை என்றே எண்ணுகிறேன்.

நாக்கின் அடியில் தெளிக்கும் திரவமாகவும் இது விற்கப்படுகிறது. அதைத் தவிர்த்துவிடுங்கள் என்று தயக்கமின்றிச் சொல்வேன். ஐஜிஎஃப்-1 இருப்பதாகப் பெருமையடித்துக்கொள்ளும் அந்தத் தெளிப்பான்கள் 2013இல் உலகச் செய்தியாயின. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஃபிஜி நாட்டுக் கோல்ஃப் வீரர் விஜய் சிங், தாம் அதைப் பயன்படுத்தியதாக ஒரு விளையாட்டு இதழிடம் சொல்லிவிட்டார். ஐஜிஎஃப்-1 ஊக்கமருந்துப் பட்டியலில் உள்ள பொருள் என்பதால் அமெரிக்கத் தொழில்முறைக் கோல்ஃப் போட்டிகளை நடத்தும் பிஜிஏ டூர் அவர்மீது நடவடிக்கை எடுத்தது. பிறகு, மான் கொம்புத் தெளிப்பானைத் தடைசெய்யப்பட்ட பொருளாகக் கருதுவதில்லை என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை தெளிவுபடுத்தியதும் அந்த நடவடிக்கை கைவிடப்பட்டது. தம் பெயருக்கு ஏற்பட்ட களங்கத்துக்காக அவர் தொடுத்த வழக்கு 2018இல்தான் சமரசத்தில் முடிந்தது. ஐஜிஎஃப்-1 ஒரு புரதம். வாய்வழி சென்றால் வயிற்றில் மற்றப் புரதங்களைப் போலவே செரித்துவிடும். தெளிப்பானில் இருக்கும் நுண்ணிய அளவு உடலுக்குள் சென்று தசையை வளர்க்கும் என்பதற்கு ஏற்கத்தக்க சான்று இல்லை. ஆனாலும் தடைப்பட்டியலில் உள்ள பொருள் இருக்கக்கூடும் என்பதால், போட்டிகளில் கலந்துகொள்ளும் இளைஞர்கள் எந்த வடிவிலும் இதைத் தொடாமல் இருப்பதே பாதுகாப்பு.

சித்த மருத்துவம் அறிந்த நம் வாசகர்கள், மான்கொம்பு நமக்குப் புதிதா என்று கேட்கலாம். சிருங்கி பற்பம் என்ற பெயரில் சித்தத்திலும், சிருங்க பஸ்மம் என்று ஆயுர்வேதத்திலும் மான்கொம்பு மருந்தாகியிருப்பது உண்மைதான். ஆனால் அது முற்றி இறுகிய கொம்பைப் புடமிட்டு நீற்றிய சுண்ணம். புரதம் அனைத்தும் எரிந்துபோன பொருள். இளங்கொம்பின் உலர் தூளோடு அதற்கு வேதியியல் முறையில் ஒப்புமை ஏதுமில்லை. பயன்படுத்தும் நோய்களும் வேறு. ஆகவே அந்த மரபைக் காட்டி இந்தக் கேப்சூலுக்கு ஆதரவு தேடுவது பொருந்தாது. மேலும், இந்தியாவில் மான்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பவை. உள்ளூரிலேயே மான் இளங்கொம்பு மலிவாகக் கிடைக்கும் என்று எவராவது சொன்னால், அதன் பின்னால் இருப்பது வேட்டைக் குற்றம்.

எந்த நாட்டு வெல்வெட் என்பதும் கவனிக்க வேண்டியதே. வட அமெரிக்க மான்களிடையே உடல் மெலிந்து சாகும் கொடிய நோய் ஒன்று பரவியிருக்கிறது. மாட்டுக்கு வந்த பித்துநோயைப் போல, மடிப்பு பிறழ்ந்த புரதத்தால் உண்டாவது அது. 1967இல் கொலராடோவில் முதலில் காணப்பட்டு, பின்னர் கனடாவுக்கும், அங்கிருந்து இறக்குமதியான மான்கள் வழியே கொரியாவுக்கும் சென்றது. நோயுற்ற எல்க் மானின் வெல்வெட்டிலேயே அந்தப் புரதம் இருப்பது 2009இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதி செய்யப்படவில்லை. ஆயினும் வீண் துணிச்சல் தேவையில்லை. நியூசிலாந்து மான்களில் இந்த நோய் கண்டறியப்பட்டதில்லை. அந்த நாட்டுச் சரக்குக்குக் கூடுதல் விலை கொடுப்பதற்கு நான் ஒப்புக்கொள்ளும் வலுவான காரணம் இதுதான். சீட்டில் “நியூசிலாந்தில் பொதியப்பட்டது” என்று மட்டும் இருந்தால் போதாது. மான் எங்கே வளர்ந்தது என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கருவுற்றிருப்பவர்கள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள், மார்பகம் அல்லது புராஸ்டேட் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். வளர்ச்சிக் காரணிகளும் ஹார்மோன்களும் உள்ள பொருள் என்று விற்பனையாளரே சொல்லும்போது, இவர்களைப் பொறுத்தவரை ஐயத்தின் பலனைப் பொருளுக்குக் கொடுக்கக் கூடாது. சர்க்கரை நோய்க்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் குப்பியையே கொண்டுபோய்க் காட்ட வேண்டும். இதை நம்பி, முடக்குவாதத்துக்கு எழுதிக் கொடுத்த மருந்தை நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. அந்த நோயில் நிறுத்திய மாதங்களுக்குள் மூட்டு சிதைந்துவிடக்கூடும்; சிதைந்த மூட்டு திரும்ப வராது.

என் மதிப்பீடு இது. தயாரிப்பின் தூய்மைக்கும், எங்கிருந்து வந்தது என்பதைப் பின்தொடரும் ஒழுங்குக்கும் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். சீட்டின் வெளிப்படைத்தன்மைக்கு இரண்டு. முழங்கால் வலிக்குத் தீர்வு என்ற எதிர்பார்ப்போடு வாங்குபவருக்கு இது கொடுக்கும் மதிப்புக்கு ஒன்று. கொரிய மரபு மருத்துவத்தில் நம்பிக்கையும் பணவசதியும் உள்ளவர் தெரிந்தே வாங்கினால் அதை நான் தடுக்க மாட்டேன். அவர் மானின் வகை, வளர்ந்த நாடு, கொம்பின் பகுதி, ஒரு கேப்சூலில் உள்ள உலர் எடை ஆகிய நான்கும் அச்சிடப்பட்ட குப்பியைத் தேடட்டும். பெரிய குப்பியை விட்டுச் சிறியதை எடுக்கட்டும். ஊரிலிருக்கும் அம்மாவுக்கோ அத்தைக்கோ வாங்கிப் போக நினைப்பவர்களிடம் மட்டும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அதே பணத்தை அங்குள்ள நல்ல இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் அவர்களை அழைத்துப்போகச் செலவிடுங்கள். தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி முழங்கால் தேய்மான வலியைக் குறைக்கும் என்பதற்குப் பல நாடுகளிலும் திரும்பத் திரும்ப உறுதியான சான்று கிடைத்திருக்கிறது. முதல் சில வாரங்கள் அவர்கள் சலித்துக்கொள்வார்கள். நாள்தோறும் தொலைபேசியில் கூப்பிட்டு, இன்றைக்குச் செய்தாயிற்றா என்று கேட்டுக்கொண்டே இருங்கள்.